இரண்டு ரேங்க்கில் ஓட்டினால் நோடு எண்ணிக்கை கூடுகிறது: பேரலல் மெஷ் ரீஃபைன்மென்ட் (தீர்ந்தது)

#1 கண்ணிவலை

வணக்கம். மூன்று வாரமாக இதோடு மல்லுக்கட்டுகிறேன், இனி தனியாக முடியாது என்று தெரிந்துவிட்டது.

எங்கள் குழுவின் சொந்த ஃபைனைட் எலிமென்ட் நிரல் (பொருளைச் சிறு எலிமென்ட்டுகளின் வலையாக, அதாவது மெஷ்ஷாகப் பிரித்து, அவற்றின் முனைகளான நோடுகளில் விடை காணும் முறை), சி++. முப்பரிமாண ஹெக்ஸ் (ஆறு முகப் பெட்டி) எலிமென்ட், நிலையான வெப்பக் கடத்தல். பிழை மதிப்பீடு பார்த்து, பிழை அதிகமுள்ள எலிமென்ட்டை எட்டாகப் பிளக்கிறோம், அதுதான் ரீஃபைன்மென்ட். மெஷ்ஷைப் பங்குகளாக வெட்டும் பார்ட்டிஷன் வேலைக்குப் பார்மெட்டிஸ் நூலகம்; ஒவ்வொரு பங்கையும் ஒரு ரேங்க் (தனிப் பிராசஸ்) கணக்கிடும்; ரேங்க்குகளுக்கு இடையே தொடர்பு எம்பிஐ.

சீரியலில் (ஒரே ரேங்க்கில்) எல்லாம் சரி. நான்கு ரேங்க்கில் ஓட்டினால், ஐந்தாவது ரீஃபைன்மென்ட் முடிந்ததும் தெரியாக்கணியங்களின் (நோடுகளின் வெப்பநிலைகள்) எண்ணிக்கை சீரியலை விடச் சில நூறு கூடுதல். ரேங்க் எண்ணிக்கையை மாற்றினால் அந்தக் கூடுதலும் மாறுகிறது. சால்வர் முரண்டு பிடிக்காமல் ஒருங்குகிறது. ஆனால் வெப்பநிலைப் படத்தை நெருக்கிப் பார்த்தால், பார்ட்டிஷன் எல்லையில் முடி அளவுக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டின் இருபுறமும் வெப்பநிலை ஒட்டவில்லை.

வால்கிரைண்ட் ஓட்டினேன், நினைவகத் தவறு எதுவும் காட்டவில்லை. டீபக் பில்டிலும் அதே எண்ணிக்கைதான் வருகிறது. எங்கிருந்து தொடங்குவது?

#2 எட்டுமுனை

முதலில் ஒரு எச்சரிக்கை. ரேங்க் மாறும்போது எண்ணிக்கை மாறினாலே பிழை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எந்த எலிமென்ட்டைப் பிளப்பது என்பதை எப்படித் தேர்கிறீர்கள்? மொத்தப் பிழையில் இத்தனை சதவீதம் வரும்வரை பெரியதிலிருந்து எடுத்துக்கொண்டே போவது (டோர்ஃப்ளர் 1996-இல் சொன்ன முறை) என்றால், அந்த மொத்தத்தை ஒவ்வொரு ரேங்க்கும் தன் பங்கைக் கூட்டி, பிறகு எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டுகிறீர்கள். கூட்டும் வரிசை மாறினால் கடைசி பிட் மாறும். சமச்சீரான கணக்கில் ஒரே பிழை மதிப்புள்ள எலிமென்ட்டுகள் வரிசையாக நிற்கும்; வெட்டும் எல்லை அவற்றின் நடுவில் விழுந்தால் ஒரு ரேங்க் எண்ணிக்கைக்கு ஒரு மெஷ், இன்னொன்றுக்கு வேறு மெஷ். இரண்டுமே சரியான மெஷ்தான்.

ஆனால் நீங்கள் சொல்லும் அந்த வெப்பநிலைக் கோடு அப்படிப்பட்டதில்லை. அது நிஜமான பிழை.

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். பிழை மதிப்பீட்டைத் தூக்கிப் போடுங்கள். ஒரு கனசதுரப் பெட்டியை எடுத்து, எல்லா எலிமென்ட்டையும் ஒரே தடவை பிளந்து, நோடுகளை எண்ணுங்கள். எத்தனை வரவேண்டும் என்பது விரல்விட்டு எண்ணும் கணக்கு. தொங்கு நோடும் (பிளந்த எலிமென்ட்டின் நோடு, பிளக்காத அண்டையின் விளிம்பிலோ முகத்திலோ நிற்பது) கிடையாது, அதனால் அதன் கட்டுப்பாட்டுச் சமன்பாடுகள் மேலும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

#3 மரத்தடி

இதையெல்லாம் ஏன் கையால் எழுதுகிறீர்கள்? பேரலல் மெஷ் ரீஃபைன்மென்ட்டுக்குப் பி4எஸ்ட் இருக்கிறது, அதன் மேல் டீல்.டூ என்ற ஃபைனைட் எலிமென்ட் நூலகம் இருக்கிறது. லட்சக்கணக்கான கோரில் ஓடிய நூலகம். கேட்கிறேனே என்று கோபிக்காதீர்கள்.

#4 கண்ணிவலை

கோபமில்லை, எனக்கும் ஆசைதான். ஆனால் இந்த நிரலின் மேல் மூன்று பேருடைய ஆய்வு நிற்கிறது. எனக்குப் பிழையைப் பிடிக்க ஒரு மாதம் இருக்கிறது, நிரலை மாற்றி எழுத இல்லை.

எட்டுமுனை சொன்ன சோதனையை ஓட்டிவிட்டேன்.

பக்கத்துக்கு 8 எலிமென்ட் உள்ள பெட்டி. ஒருமுறை பிளந்தால் பக்கத்துக்கு 17 நோடு, மொத்தம் 4,913. ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு ரேங்க், எல்லாவற்றிலும் 4,913. பக்கத்துக்கு 16 வைத்தேன்: 35,937. அதுவும் சரி.

ஆக, நோடு உருவாக்கும் பகுதியில் தவறில்லை. தொங்கு நோடு கட்டுப்பாட்டில்தான் எங்கோ கோளாறு. அந்தப் பகுதியைத் தோண்டத் தொடங்குகிறேன்.

#5 பழைய_ஃபோர்ட்ரான்

தோண்டாதீர்கள், தம்பி. நில்லுங்கள்.

8, 16, 32 என்று ஏன்தான் எல்லோரும் சோதனைப் பெட்டி வைக்கிறீர்களோ. பக்கத்துக்கு 10 வைத்து அதே சோதனையை இரண்டு ரேங்க்கில் ஓட்டுங்கள். பார்மெட்டிஸ் வேண்டாம். பெட்டியை நடுவில் நேராக வெட்டி, இடது பாதி ரேங்க் 0, வலது பாதி ரேங்க் 1 என்று கையால் கொடுங்கள். 9,261 வந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

வரவில்லை என்றால், கூடுதலாக வந்த நோடுகளின் ஆயத்தொலைவுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூடவே இன்னொரு கேள்வி: எல்லையில் இரண்டு ரேங்க்கும் தனித்தனியே ஒரே நோடை உருவாக்கும் அல்லவா? இரண்டும் ஒன்றுதான் என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்? முதல் பதிவில் அதைச் சொல்லவே இல்லை.

#6 கண்ணிவலை

தம்பி இல்லை சார், தங்கை. :)

9,325.

கையெல்லாம் நடுங்கிவிட்டது. 64 கூடுதல். அதிலும் விசித்திரம் பாருங்கள்: அந்த 64-ம் வெட்டுத் தளத்திலேயே இருக்கின்றன, எக்ஸ் = 0.5. விளிம்பின் நடுவில் ஒன்றுகூட இல்லை, எல்லாமே முகத்தின் மையத்தில் உள்ள நோடுகள். அந்தத் தளத்தில் 10-க்கு 10 ஆக 100 முகம். எவை இரட்டித்தன என்று தாளில் கட்டம் போட்டு நிழலடித்தேன். ஒய் திசையில் 2, 4, 5, 9-ஆம் வரிசைகள் முழுக்க நிழல். இசட் திசையிலும் அதே 2, 4, 5, 9. கட்டம் போட்ட துணி மாதிரி இருக்கிறது. மிச்சம் 36 முகங்கள் சுத்தம். எத்தனை தடவை ஓட்டினாலும் இதே வரிசைகள்தான். நேரத்தைப் பொறுத்த பிழை (ரேஸ்) என்றால் இப்படியா வரும்?

உங்கள் கேள்விக்குப் பதில்: ஆயத்தொலைவை வைத்துத்தான். எக்ஸ், ஒய், இசட் மூன்றின் பிட்டுகளையும் சேர்த்து ஹாஷ் செய்து (ஒரே அடையாள எண்ணாகச் சுருக்கி), அண்டை ரேங்க்குக்கு அனுப்பி, அங்கே அதே ஹாஷ் உள்ள நோடு இருந்தால் ஒன்றாக்குகிறோம்.

#7 எட்டுமுனை

அட. நான் கோஸ்ட் அடுக்கில் (அண்டை ரேங்க்கின் எல்லை எலிமென்ட்டுகளின் நகல்) மூலை வழி அண்டைகளை விட்டுவிட்டீர்கள் என்று எழுத வந்தேன். அந்த ஊகம் செத்தது. கோஸ்ட் பிழை என்றால் மூலையிலும் விளிம்பிலும்தான் முதலில் இரட்டிக்கும். இங்கே நேர்மாறாக இருக்கிறது.

#8 பழைய_ஃபோர்ட்ரான்

மன்னிக்கவும் தங்கையே. இனி விளக்கம்.

விளிம்பின் நடுப்புள்ளி என்பது இரண்டு எண்ணைக் கூட்டிப் பாதியாக்குவது. எதை முதலில் எழுதினாலும் இரண்டு எண்ணின் கூட்டல் ஒன்றேதான். ஐட்ரிபிள்இ 754 மிதவைப் புள்ளிக் கணக்கிலும் (கணினி பின்ன எண்களைக் கையாளும் தரநிலை) அது மாறாது. அதனால் விளிம்பில் உங்களுக்குச் சிக்கலே வராது. எலிமென்ட்டின் நடு நோடு யாருடனும் பங்கில்லை, அங்கும் வராது.

முகத்தின் மையம் அப்படியில்லை. நான்கு எண்ணைக் கூட்டி நான்கால் வகுக்கிறோம். நான்கு எண் என்றால் வரிசை உண்டு. ஒரே முகத்தை இடப்பக்க எலிமென்ட் தன் வெளிநோக்கில் சுற்றிப் படிக்கும், வலப்பக்க எலிமென்ட் எதிர்ச்சுற்றில் படிக்கும். ஒரே நான்கு மூலை, வேறு வரிசை.

உங்கள் இரண்டாவது வரிசையையே எடுத்துக்கொள்வோம். மூலைகளின் ஒய் மதிப்புகள் 0.1, 0.1, 0.2, 0.2.

ரேங்க் 1 இப்படிக் கூட்டுகிறது: 0.1 + 0.1 = 0.2. அதோடு 0.2 = 0.4. அதோடு 0.2 = 0.6000000000000001.

ரேங்க் 0 இப்படி: 0.1 + 0.2 = 0.30000000000000004. அதோடு 0.2 = 0.5. அதோடு 0.1 = 0.6.

நம்பாதவர்கள் பைத்தானில் தட்டிப் பாருங்கள், அரை நிமிட வேலை. கடைசி பிட் ஒன்று வேறு, ஹாஷ் முழுக்க வேறு, ஆக இரண்டு நோடு. மற்ற வரிசைகளில் இரண்டு வழியும் தற்செயலாக ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. 0.3-க்கும் 0.4-க்கும் நடுவிலும், 0.4-க்கும் 0.5-க்கும் நடுவிலும், 0.8-க்கும் 0.9-க்கும் நடுவிலும் சேரவில்லை. உங்கள் கட்டம் போட்ட துணி அங்கிருந்து வந்தது. 10 வரிசையில் 6 தப்பிக்கிறது. இரு திசையிலும் தப்பியது 6 பெருக்கல் 6, 36. மிச்சம் 64.

8 வைத்தால் ஏன் தெரியவில்லை என்பது இப்போது புரியும். எட்டில் ஒரு பங்கு, பதினாறில் ஒரு பங்கு எல்லாம் இரும எண்ணில் துல்லியமாக அடங்குபவை. எந்த வரிசையில் கூட்டினாலும் உருட்டலே (ரவுண்டிங்) நடக்காது. 0.1 அப்படி அடங்காது. உங்கள் நிஜ மெஷ் வடிவமைப்பு மென்பொருளிலிருந்து வருகிறது, அங்கே எந்த எண்ணும் அடங்காது. சோதனைகள் எல்லாம் பச்சை காட்டும், நிஜக் கணக்கு மட்டும் கிழியும்.

#9 எப்சிலான்

இதற்கு இவ்வளவு பெரிய கதையா? ஹாஷ் செய்வதற்கு முன் ஆயத்தொலைவைச் சற்று உருட்டிக்கொண்டால் போயிற்று. நான் பத்து வருடமாக அப்படித்தான் செய்கிறேன், ஒரு நாளும் பிரச்சினை வந்ததில்லை. இரண்டு வரி மாற்றம். ஆய்வைப் பார்க்கப் போங்கள்.

#10 கண்ணிவலை

எப்சிலான் சொன்னதை உடனே செய்து பார்த்தேன், இரண்டு வரி என்பதால். ஆயத்தொலைவை 10-இன் எட்டாம் அடுக்கால் பெருக்கி, தசமத்தை வெட்டி, முழு எண்ணை ஹாஷ் செய்தேன்.

9,280.

64 போய் 19. இப்போது நிழலடித்தால் கட்டம் இல்லை. ஐந்தாவது வரிசை, ஐந்தாவது நிரல் மட்டும், நடுவில் வெட்டிக்கொள்ளும் ஒரு கூட்டல் குறி. குறைந்திருக்கிறதே என்று சந்தோஷப்படுவதா, போகவில்லையே என்று அழுவதா தெரியவில்லை.

#11 பழைய_ஃபோர்ட்ரான்

குறைந்ததற்குத்தான் பயப்பட வேண்டும். 64 என்பது கண்ணில் படும் பிழை. 19 என்பது அடுத்த வருடம் யாரோ ஒருவர் கண்டுபிடிக்கப்போகும் பிழை.

ஐந்தாவது வரிசையின் மையம் 0.45. ஒரு ரேங்க்கில் அது 0.45-க்கு மயிரிழை கீழே விழுகிறது. பெருக்கி வெட்டினால் 44999999. மற்ற ரேங்க்கில் 45000000. வெட்டும் கோடு சரியாக 0.45 மேலேயே போகிறது, அதுதான் கோளாறு. மனிதர்கள் வரையும் வடிவங்களில் ஆயத்தொலைவுகள் முழுத் தசமங்களாகவே இருக்கும், நீங்கள் வெட்டும் கோடுகளும் முழுத் தசமங்களில்தான் இருக்கின்றன. போய் நேராக முட்டிக்கொள்ளும்.

#12 எப்சிலான்

வெட்டச் சொல்லவில்லையே, உருட்டத்தானே சொன்னேன்! அருகில் உள்ள முழு எண்ணுக்கு உருட்டுங்கள். 10-இன் ஆறாம் அடுக்கு போதும். கோடுகள் பாதியில் போகும், யாரும் அங்கே உட்கார மாட்டார்கள்.

#13 எட்டுமுனை

உட்காருவார்கள். ரீஃபைன்மென்ட் என்பதே பாதியாக்கும் தொழில்தானே. 0.1 நீள எலிமென்ட்டை ஆறு முறை பாதியாக்கினால் 0.0015625. உங்கள் கட்டத்தில் அது 1562.5. சரியாக நடுக்கோட்டின் மேல். முதல் ஐந்து மட்டம் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, ஆறாவது மட்டத்தில் ஆகும். நீங்கள் பத்து வருடத்தில் எத்தனை மட்டம் பிளந்திருக்கிறீர்கள்?

#14 எப்சிலான்

நான்கு. அதிகபட்சம் ஐந்து.

அதற்காக எல்லோரும் ஆறு மட்டம் போகிறார்களா என்ன? நடைமுறை என்று ஒன்று இருக்கிறது. பக்கத்துக் கட்டங்களிலும் தேடினால் அதுவும் சரியாகிவிடும்.

#15 பழைய_ஃபோர்ட்ரான்

பக்கத்துக் கட்டத்திலும் தேடினால் சரியாகும், ஒப்புக்கொள்கிறேன். முப்பரிமாணத்தில் ஒரு நோடுக்கு 27 கட்டம் தேட வேண்டும், அது போகட்டும். அந்தச் சகிப்பு எல்லையை யார் தீர்மானிப்பது? மீட்டரில் வரைந்த மெஷ்ஷுக்கு 10-இன் ஆறாம் அடுக்கு சரி. அதே வடிவத்தை மில்லிமீட்டரில் ஒருவர் கொண்டுவந்தால்? மைக்ரோ மீட்டர் தடிமன் பூச்சு இருந்தால்? விரிசலின் இரு உதடுகள் ஒரே இடத்தில் இரு நோடாக இருக்க வேண்டிய கணக்கில், ஆயத்தொலைவை வைத்து ஒட்டினால் விரிசலையே தைத்துவிடுவீர்கள். அங்கே இடம் ஒன்று, நோடு இரண்டு. எந்த எப்சிலானும் அதைச் சொல்லித்தராது.

ஒரு நோடு யார் என்பதை அது எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாதீர்கள். யாருக்குப் பிறந்தது என்று கேளுங்கள். விளிம்பு நடு நோடு என்றால் இரு முனைகளின் உலகளாவிய எண்கள், சிறியது முதலில். முக மையம் என்றால் நான்கு மூலைகளின் எண்கள், ஏறுவரிசையில். அதுதான் சாவி. முழு எண்கள், எல்லா ரேங்க்கிலும் ஒன்றே. லிப்மெஷ் நூலகம் பெற்றோர் நோடுகளைச் சாவியாக வைத்துத்தான் புதிய நோடுகளைத் தேடுகிறது, அங்கே போய்ப் பார்க்கலாம்.

ஒரே ஒரு நிபந்தனை. ஒரு மட்டத்தில் பிறந்த நோடுகளுக்கு எல்லா ரேங்க்கும் ஒப்புக்கொண்ட எண் கிடைத்த பிறகுதான் அடுத்த மட்டத்தைப் பிளக்கலாம். பங்குள்ள ரேங்க்குகளில் சிறிய எண்ணுள்ளது பெயர் வைக்கட்டும், மற்றவை வாங்கிக்கொள்ளட்டும். எண்ணுக்கு 64 பிட் வையுங்கள். 32 பிட்டின் 214 கோடிக்கு மேல் எதற்கு என்று இன்று தோன்றும்.

#16 மரத்தடி

நான் விளம்பரம் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள், ஆனால் இது பொருத்தமான இடம். பி4எஸ்ட்டில் இந்தப் பிழை வர வழியே இல்லை. மரத்துக்குள் ஒவ்வொரு எட்டுப்பங்குக் கட்டமும் முழு எண் ஆயத்தொலைவில் இருக்கிறது. பாதியாக்குவது பிட் நகர்த்தல். அதுவும் 'எங்கே' என்றுதான் கேட்கிறது, ஆனால் முழு எண்ணில் கேட்கிறது.

#17 எட்டுமுனை

பெற்றோர் சாவிக்கு ஒரு பொறி உண்டு, இப்போதே சொல்லிவிடுகிறேன். எலிமென்ட்டை எட்டாக மட்டும் பிளக்கும்வரை அது பாதுகாப்பு. ஒரே திசையில் மட்டும் பிளக்கும் வசதியைப் பிறகு யாராவது சேர்த்தால் உடையும். இடப்பக்க எலிமென்ட் முகத்தை முதலில் நீளவாக்கில் பிளந்து பிறகு குறுக்காகப் பிளக்கிறது, வலப்பக்கம் முதலில் குறுக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். முகத்தின் மையம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் இடப்பக்கத்துக்கு அதன் பெற்றோர் மேல் கீழ் விளிம்பு நடுக்கள், வலப்பக்கத்துக்கு இட வல விளிம்பு நடுக்கள். ஒரே பிள்ளை, இரண்டு ஜோடிப் பெற்றோர். நிரலில் அந்த இடத்தில் ஒரு அசெர்ட் (நிபந்தனை பொய்த்தால் நிரலை நிறுத்தும் வரி) போட்டு வையுங்கள்.

#18 வேடிக்கை

ரொம்ப நாளாகப் படிப்பவன், முதல் பதிவு. கூட்டும் வரிசையை மட்டும் நிலையாக்கினால் போதாதா? நான்கு மூலையையும் உலக எண் வரிசையில் அடுக்கிவிட்டுக் கூட்டினால் இரு ரேங்க்கிலும் பிட் பிட்டாக ஒன்றாகுமே. சாவியை மாற்ற வேண்டாம்.

#19 பழைய_ஃபோர்ட்ரான்

நல்ல கேள்வி. ஆகும், கம்பைலர் உங்கள் பேச்சைக் கேட்கும்வரை. யாராவது வேகத்துக்காக ஃபாஸ்ட்-மேத் கொடியைப் போட்டால், கூட்டலைத் தன் விருப்பப்படி மாற்றி அடுக்கக் கம்பைலருக்கு உரிமை வந்துவிடும். அப்புறம் நீங்கள் போட்ட வரிசைக்கு யார் பொறுப்பு? வரிசையையும் நிலையாக்குங்கள், அது நல்ல பழக்கம். அடையாளத்தை அதன் மேல் கட்டாதீர்கள்.

#20 கண்ணிவலை

மூன்று நாள் ஆயிற்று. சாவியை மாற்றிவிட்டேன். பக்கத்துக்கு 10: ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு ரேங்க்கில் 9,261, 9,261, 9,261, 9,261, 9,261. பார்மெட்டிஸ் கோணல்மாணலாக வெட்டினாலும் அதே. வெப்பநிலைக் கோடு மறைந்துவிட்டது.

இந்த மகிழ்ச்சியில் நிஜ மெஷ்ஷை 48 ரேங்க்கில் விட்டேன். மூன்றாவது ரீஃபைன்மென்ட்டில் நின்றுவிட்டது. பிழைச் செய்தி இல்லை. 48 கோரும் 100 சதவீதம் ஓடுகின்றன, எதுவும் நகரவில்லை. இரவெல்லாம் அப்படியே இருந்தது. நான்கு ரேங்க்கில் இதே மெஷ் முடிகிறது. சாவி மாற்றத்தால் வந்ததா என்று பழைய நிரலையும் 48-இல் ஓட்டினேன், அதுவும் நிற்கிறது. இத்தனை நாள் யாரும் 48-இல் ஓட்டியதே இல்லை போல.

#21 எட்டுமுனை

நின்றிருக்கும்போதே டீபக்கரை ஒட்டவையுங்கள். ஒவ்வொரு ரேங்க்கின் பிராசஸ் எண்ணையும் எடுத்து, ஜிடிபியை இணைத்து, அழைப்பு அடுக்கை அச்சிட்டு வெளியே வந்துவிடுங்கள். 48-க்கும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதினால் ஐந்து நிமிடம். எம்பிஐ உள்ளே எங்கே நிற்கிறது என்பது முக்கியமில்லை. உங்கள் நிரலின் எந்த வரியிலிருந்து அழைத்தது என்பதை மட்டும் எண்ணுங்கள். எல்லாம் ஒரே வரியில் நின்றால் ஒரு கதை, இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றால் வேறு கதை.

அச்சுவரி போட்டுத் தேடாதீர்கள். 48 ரேங்க்கின் அச்சும் கலந்து வந்து தலையைச் சுற்ற வைக்கும். நின்ற இடத்துக்கு முந்தைய வரி பஃபரிலேயே தங்கி, இல்லாத இடத்தைக் காட்டும்.

#22 கண்ணிவலை

இரண்டு கூட்டம்! 41 ரேங்க் மொத்த நோடு எண்ணிக்கைக்கான ஆல்ரெட்யூஸில் (எல்லா ரேங்க்கின் மதிப்பையும் சேர்த்து எல்லோருக்கும் தரும் எம்பிஐ அழைப்பு). 7 ரேங்க் கோஸ்ட் குறிகளைப் பரிமாறும் இடத்தில் வெயிட்ஆலில் (பரிமாற்றம் முடியும்வரை காத்திருக்கும் அழைப்பு). அந்த 7-ம் வெப்ப மூலத்தைச் சுற்றி, மெஷ் மிக நுணுக்கமாகும் மூலையைச் சுற்றி இருப்பவை.

அந்தப் பகுதி நிரல், எல்லோருக்கும் புரிய வார்த்தையில் எழுதுகிறேன். அண்டை எலிமென்ட்டுகளுக்கு இடையே ஒரு மட்டத்துக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது என்பதைச் சரிசெய்யும் சுற்று:

செய்க:
— மாறியது = இல்லை
— கோஸ்ட் எலிமென்ட்டுகளின் குறிகளை அண்டை ரேங்க்குகளோடு பரிமாறு
— என் எலிமென்ட் ஒவ்வொன்றுக்கும்: அண்டை என்னை விட இரண்டு மட்டம் ஆழமாகப் போகிறதென்றால், என்னையும் பிளக்கக் குறியிடு, மாறியது = ஆம்
மாறியது = ஆம் என்றால் மீண்டும் செய்க

எழுதி முடிக்கும்போதே தெரிந்துவிட்டது. 'மாறியது' என் ரேங்க்கின் மாறி. என்னிடம் மாறவில்லை என்றால் நான் வெளியே போய்விடுகிறேன். அண்டை ரேங்க்கில் மாறியிருந்தால் அது இன்னொரு சுற்று வந்து என் பதிலுக்குக் காத்திருக்கும். நானோ அடுத்த வேலைக்குப் போய், அது வரட்டும் என்று ஆல்ரெட்யூஸில் காத்திருக்கிறேன். 'நீ முதலில்', 'இல்லை நீ முதலில்'.

நான்கு ரேங்க்கில் ஒவ்வொன்றும் அந்த மூலையைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கும், எல்லாம் ஒரே எண்ணிக்கையில் சுற்றியிருக்கும். 48-இல் அலை ஒரு ரேங்க்கிலிருந்து அடுத்ததற்குப் பரவ வேண்டியிருக்கிறது.

#23 பழைய_ஃபோர்ட்ரான்

ஆம். சுற்றின் முடிவில் 'மாறியது' எல்லா ரேங்க்கிலும் சேர்த்து 'அல்லது' போட்டு ஆல்ரெட்யூஸ் செய்யுங்கள். யாராவது ஒருவருக்கு மாறியிருந்தால் எல்லோரும் சுற்ற வேண்டும். இதனால் நேரம் வீணாகும் என்று யாராவது சொல்வார்கள். மட்ட எண்ணிக்கைக்கு மேல் ஓரிரு சுற்றுதான் ஆகும்.

உங்களுக்கு நிரல் தொங்கியது அதிர்ஷ்டம். எனக்கு ஒருமுறை தொங்கவில்லை. ஒரு கூட்டம் ஒரு வரியில் ஆல்ரெட்யூஸ், இன்னொரு கூட்டம் வேறு வரியில் ஆல்ரெட்யூஸ், இரண்டும் ஒரு முழு எண், இரண்டும் கூட்டல். எம்பிஐ வரி எண்ணைப் பார்ப்பதில்லை, ஒரே கம்யூனிக்கேட்டரில் (ரேங்க் குழுவில்) எத்தனையாவது அழைப்பு என்றுதான் பார்க்கிறது. இரண்டையும் ஜோடி சேர்த்துவிட்டது. ஒரு ரேங்க்கின் 'மாறியது = 1' போய் இன்னொன்றின் நோடு எண்ணிக்கையில் உட்கார்ந்துகொண்டது. எண்ணிக்கையில் ஒன்று கூடுதல். அந்த ஒன்றைத் தேடி எத்தனை நாள் நோடு உருவாக்கும் பகுதியில் கிடந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

டீபக் பில்டில் ஒவ்வொரு கூட்டு அழைப்புக்கும் (எல்லா ரேங்க்கும் சேர்ந்து அழைக்க வேண்டியது) முன்னால், எல்லா ரேங்க்கும் ஒரே கோப்பு, ஒரே வரியில் இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் ஒரு சிறு மேக்ரோ எழுதி வையுங்கள். லிப்மெஷ்ஷில் அப்படி ஒன்று உண்டு. மெதுவாக ஓடும், ஓடட்டும்.

#24 கண்ணிவலை

ஒரு வரி. ஒரே ஒரு ஆல்ரெட்யூஸ். 48 ரேங்க்கில் ஐந்து ரீஃபைன்மென்ட்டும் முடிந்தது. அந்த மேக்ரோவையும் எழுதினேன். எழுதிய அன்றே வேறு ஒரு இடத்தைப் பிடித்துக் கொடுத்தது: கோப்பு எழுதும் பகுதியில் 'என்னிடம் எலிமென்ட் இல்லையென்றால் திரும்பிப் போ' என்று ஒருவர் எழுதி வைத்திருந்தார், அதற்குக் கீழே ஒரு கூட்டு அழைப்பு. எலிமென்ட்டே கிடைக்காத ரேங்க் இன்னும் வந்ததில்லை, அதனால்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எட்டுமுனை சொன்ன அசெர்ட்டும் போட்டாயிற்று. பக்கத்துக்கு 8 வைத்த பழைய சோதனைகளை எல்லாம் 10-க்கும் 7-க்கும் மாற்றிவிட்டேன். சீரியலுக்கும் 48-க்கும் நடுவில் தெரியாக்கணியத்தில் இன்னும் சில டஜன் வித்தியாசம் இருக்கிறது. பிழை மதிப்பீட்டை ஒரு கோப்பில் எழுதி இரண்டுக்கும் அதையே படிக்கக் கொடுத்தால் வித்தியாசம் சுழி. எட்டுமுனை இரண்டாவது பதிவிலேயே சொன்ன விஷயம்.

தலைப்பில் 'தீர்ந்தது' போட்டுவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

#25 எப்சிலான்

என் நிரலில் 10 பெட்டி, இரண்டு ரேங்க், அருகில் உள்ள முழு எண்ணுக்கு உருட்டல். வெட்டுத் தளத்தின் ஒரு மூலையை மட்டும் பிளந்துகொண்டே போனேன். ஐந்து மட்டம் வரை சீரியலோடு அப்படியே ஒத்துப்போனது.

ஆறாவதில் மூன்று கூடுதல்.

எட்டுமுனை, அந்தப் பெற்றோர் சாவியில் முக மையத்துக்கு நான்கு எண்ணும் வேண்டுமா, எதிரெதிர் மூலை இரண்டு போதுமா?

#26 எட்டுமுனை

இரண்டு போதும். ஆனால் இரு மூலைவிட்டத்தில் எதை எடுப்பது என்று இரு ரேங்க்கும் ஒத்துப்போக வேண்டும்: மிகச் சிறிய எண்ணுள்ள மூலையும் அதன் எதிர் மூலையும் என்று வையுங்கள்.